செயலிக்குள் ஒரு கட்டளை எப்படி நடக்கிறது: தாளில் எழுதிப் பழகும் வழி

குறுவை அறுவடையும் மழையும் டெல்டாவில் ஏறக்குறைய சேர்ந்தேதான் வரும். புரட்டாசி, ஐப்பசியில் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் எல்லார் வாயிலும் ஒரே எண்தான்: 17. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டு மூடுகிறார்கள். சற்று நேரத்தில் திரையில் எண் வருகிறது. குவியல் இன்று தூற்றப்பட்டு 40 கிலோ சிப்பமாகுமா, தார்ப்பாய்க்கு அடியிலேயே இன்னும் கிடக்குமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

அந்த 17-ஐயே இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். "இந்த எண் 17-க்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா?" இந்த ஒரு கேள்விக்குச் செயலி (கருவிக்குள் கணக்குச் செய்யும் மைக்ரோபிராசஸர் சில்லு) எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறது என்பதைக் கட்டளை கட்டளையாகத் தாளில் நடத்திப் பார்க்கலாம். நிரல் நான் பாடத்துக்காக எழுதியது. உண்மையான கருவிக்குள் வேலை இன்னும் அதிகம்: நெல்லின் மின்தன்மை ஈரத்துக்கு ஏற்ப மாறுவதை அளந்து எண்ணாக்க வேண்டும், வெப்பநிலைக்கும் திருத்த வேண்டும். நமக்கு எண் கையில் வந்த பிறகு நடக்கும் ஒப்பீடு மட்டும் போதும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ புதிதாகச் சேர்ந்து "மைக்ரோபிராசஸர்" என்ற பாடத்தைக் கண்டு மிரளும் மாணவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகளையும் எலக்ட்ரானிக் தராசுகளையும் பழுது பார்க்கும் கடைகளில் வேலை கற்கிறவர்களுக்கும் இது உதவும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வகுப்புகளில் செயலியின் கட்டப்படத்தை வரையச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். இருபது பெட்டி, நாற்பது அம்புக்குறி. தேர்வுக்கு மனப்பாடம் ஆகும், ஆனால் எது எப்போது நகர்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பெட்டியைத்தான்: புரோகிராம் கவுண்டர். சுருக்கமாகப் பிசி. அடுத்து நினைவகத்தின் எந்த முகவரியில் இருக்கும் பைட்டை (எட்டு பிட், அதாவது எட்டு 0 அல்லது 1 சேர்ந்த ஓர் எண்) படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். இந்த ஒரு எண்ணைத் தொடர்ந்து போனால் மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

தேவையானவை

ஒரு தாள், பென்சில், அழிப்பான், ஒரு புளியங்கொட்டை. கொட்டை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் 8085 கிட் (அந்தச் செயலியும் நினைவகமும் விசைப்பலகையும் பொருத்திய பயிற்சிப் பலகை) கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் க்னூசிம் 8085 என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்க முடியும். ஆனால் முதல் தடவை தாளில்தான் செய்ய வேண்டும். திரை தானாக மாறிக்கொண்டே போனால் கண் பார்க்கும், கை பழகாது.

ஏன் 8085? இன்டெல் 1976-இல் வெளியிட்ட 8 பிட் செயலி அது. நாற்பது கால்கள், சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். இன்றைய கைபேசிச் செயலியில் டிரான்சிஸ்டர்களைக் கோடிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். அதை முழுதாகத் தாளில் நடத்த ஒருவராலும் முடியாது. 8085-ஐ முடியும். நம் பாடத்திட்டங்களில் அது இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பேன்.

எண்களை ஹெக்ஸ் முறையில் எழுதுவோம். ஒன்பதுக்கு அடுத்து பத்து முதல் பதினைந்து வரை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆறு எழுத்துகள். ஹெக்ஸில் 10 என்றால் பதினாறு, 11 என்றால் பதினேழு, 12 என்றால் பதினெட்டு. இந்த மூன்றையும் தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

தாளைத் தயார் செய்தல்

தாளின் இடப்பக்கம் நினைவகம். வரிக்கு ஒரு பைட். முகவரி, அதன் எதிரே அங்கே இருக்கும் எண்:

4100 : 3ஏ
4101 : 50
4102 : 41
4103 : எஃப்ஈ
4104 : 12
4105 : 3ஈ
4106 : 01
4107 : டிஏ
4108 : 0சி
4109 : 41
410ஏ : 3ஈ
410பி : 00
410சி : 32
410டி : 51
410ஈ : 41
410எஃப் : 76

கொஞ்சம் இடம் விட்டு இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்:

4150 : 10
4151 : (காலி)

4150-இல் இருப்பது ஈரப்பதம். ஹெக்ஸில் 10, அதாவது 16 சதவீதம். 4151-இல் பதில் வர வேண்டும்: நெல்லை எடுக்கலாம் என்றால் 01, முடியாது என்றால் 00.

வலப்பக்கம் செயலி. நான்கு கட்டம் போதும். பிசி என்று ஒன்று. அக்யுமுலேட்டர் எனப்படும் ஏ ரிஜிஸ்டர் (ரிஜிஸ்டர் என்பது செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு அறை) ஒன்று, கணக்கெல்லாம் இதில்தான் நடக்கும். கேரி ஃப்ளாக் (கழிக்கும்போது கடன் வாங்க நேர்ந்ததா என்று காட்டும் அடையாளம்) ஒன்று, இதில் 0 அல்லது 1 மட்டும் இருக்கும். டபிள்யூ, இசட் என்ற இரண்டு சின்ன அறைகளைச் சேர்த்து ஒரு கட்டம். இந்த டபிள்யூவும் இசட்டும் நிரல் எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாதவை, செயலி தன் வசதிக்காக வைத்திருப்பவை. பல பாடப் புத்தகங்கள் இவற்றை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு இவை வேண்டும்.

பிசி கட்டத்தில் 4100 என்று எழுதுங்கள். புளியங்கொட்டையை 4100 வரிமேல் வையுங்கள். இனிப் பிசி மாறும்போதெல்லாம் கொட்டையும் நகர வேண்டும். கட்டளைகளை எடுக்கும்போது கொட்டை இருக்கும் வரியைத் தவிர வேறு எதையும் செயலியால் பார்க்க முடியாது என்பதை மறக்காதீர்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

முதல் கட்டளை, துடிப்பு துடிப்பாக

செயலியின் எல்லா அசைவும் கிளாக் துடிப்புக்கு ஏற்பத்தான் நடக்கும். 6 மெகாஹெர்ட்ஸ் படிகம் மாட்டிய 8085, அதை உள்ளுக்குள் இரண்டாகப் பிரித்து 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரு துடிப்பு என்பது மைக்ரோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. இந்த முதல் கட்டளைக்கு மட்டும் ஒவ்வொரு துடிப்பையும் பார்த்துவிடுவோம்.

முதல் துடிப்பு. பிசியில் இருக்கும் 4100 வெளியே கம்பிகளில் ஏறுகிறது. மேல் பாதி 41 எட்டுக் கம்பிகளில், கீழ்ப் பாதி 00 இன்னும் எட்டுக் கம்பிகளில். இந்தக் கீழ் எட்டுக் கம்பிகளுக்கு இரட்டை வேலை. முகவரியும் அதில்தான் போகும், பின்னால் தரவும் அதில்தான் வரும். நாற்பது காலுக்குள் எல்லாவற்றையும் அடக்கச் செய்த ஏற்பாடு இது. அதனால் "இப்போது கம்பியில் இருப்பது முகவரி, பிடித்து வைத்துக்கொள்" என்று சொல்ல ஏஎல்ஈ என்ற காலில் ஒரு சமிக்ஞை எழும்புகிறது. பக்கத்தில் இருக்கும் லாட்ச் சில்லு 00-வைப் பிடித்துக்கொள்கிறது. கிட்டைத் திறந்து பார்த்தால் 74எல்எஸ்373 என்று எழுதிய இருபது கால் சில்லு செயலிக்கு அருகிலேயே இருக்கும். பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான்.

இரண்டாம் துடிப்பு. "படி" என்ற சமிக்ஞை நினைவகத்துக்குப் போகிறது. 4100-இல் இருக்கும் 3ஏ கம்பிகளுக்கு வரத் தொடங்குகிறது. இதற்கிடையே பிசி சத்தமில்லாமல் ஒன்று கூடி 4101 ஆகிவிடுகிறது. கொட்டையை ஒரு வரி கீழே நகர்த்துங்கள். கவனியுங்கள்: கட்டளை என்ன என்றே இன்னும் தெரியாது, அதற்குள் பிசி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

மூன்றாம் துடிப்பு. 3ஏ உள்ளே வந்து, கட்டளைகளுக்கென்றே இருக்கும் ரிஜிஸ்டரில் உட்காருகிறது.

நான்காம் துடிப்பு. டிகோடர் அதைப் பிரித்துப் பார்க்கிறது. 3ஏ என்றால் எல்டிஏ: "அடுத்த இரண்டு பைட்டில் ஒரு முகவரி வரும், அங்கே இருப்பதை ஏ ரிஜிஸ்டருக்குக் கொண்டுவா."

இதுவரை நான்கு துடிப்பு. 3ஏ-வைப் படித்தபோதே 4101-இலும் 4102-இலும் இருப்பவை கட்டளைகளில்லை, முகவரியின் துண்டுகள் என்று முடிவாகிவிட்டது. அடுத்த மூன்று துடிப்பில் பிசி காட்டும் 4101-இலிருந்து 50 வந்து இசட்டில் விழுகிறது, பிசி 4102. அடுத்த மூன்றில் 41 வந்து டபிள்யூவில் விழுகிறது, பிசி 4103. இப்போது டபிள்யூ இசட் இரண்டையும் சேர்த்துப் படித்தால் 4150. கீழ்ப் பாதி முதலில், மேல் பாதி பிறகு என்பது இன்டெல் வைத்த வரிசை. நினைவகத்தில் 50, 41 என்று தலைகீழாக இருப்பதன் காரணம் அதுதான்.

கடைசி மூன்று துடிப்பில் முகவரிக் கம்பிகளில் ஏறுவது பிசி இல்லை, டபிள்யூ இசட். 4150-இல் இருக்கும் 10 வந்து அக்யுமுலேட்டரில் உட்காருகிறது. ஏ கட்டத்தில் 10 என்று எழுதுங்கள்.

நான்கு, மூன்று, மூன்று, மூன்று: மொத்தம் 13 துடிப்பு. ஒரு எண்ணைக் கொண்டுவர நினைவகத்துக்கு நான்கு தடவை போய்வந்தாகிவிட்டது. கொட்டை 4103-இல் நிற்கிறது.

ஒப்பீடு

4103-இல் எஃப்ஈ. டிகோடர் இதை சிபிஐ என்று அறிகிறது: "அடுத்த பைட்டை ஏ-யிலிருந்து கழித்துப் பார். விடையை வைத்துக்கொள்ளாதே, அடையாளத்தை மட்டும் வை." அடுத்த பைட் 12, அதாவது பதினெட்டு. பிசி 4105 ஆகிறது.

பதினாறிலிருந்து பதினெட்டைக் கழிக்க முடியாது, கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கினால் கேரி ஃப்ளாக் 1. கேரி கட்டத்தில் 1 என்று எழுதுங்கள். ஏ-யில் 10 அப்படியே இருக்கிறது, தொடக்கூடாது.

விதி 17 என்கிறது, நிரலில் ஏன் பதினெட்டு? இங்கே நின்று யோசிக்க வேண்டும். நெல் சரியாக 17 இருந்தாலும் எடுத்தாக வேண்டும். நிரலில் 11, அதாவது பதினேழு, என்று வைத்திருந்தால் 17 - 17 = 0, கடன் இல்லை, கேரி 0, நெல் திரும்பிப் போகும். பதினெட்டு வைத்தால் 17-க்கும் கடன் வரும், 18-க்கு வராது. "17 வரை" என்ற சொல்லும் "18-க்குக் கீழ்" என்ற சொல்லும் முழு எண்களில் ஒன்றே. ஆனால் செயலிக்கு இரண்டாவதுதான் நேராகப் புரியும். எல்லைக் கோட்டில் நிற்கும் எண்ணைத் தாளில் போட்டுப் பார்க்காமல் எந்த ஒப்பீட்டையும் முடித்ததாக நினைக்காதீர்கள். 16, 17, 18 மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்து 4105-இல் 3ஈ, 01. எம்விஐ: "ஏ-யில் 01 வை." பழைய 10 அழிகிறது, பிசி 4107. முடிவு தெரியும் முன்பே "எடுக்கலாம்" என்று எழுதி வைக்கிறோம், தேவைப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஏ மாறியும் கேரி மாறவில்லையே என்று சந்தேகம் வரும். 8085-இல் எண்ணை இடம் மாற்றும் கட்டளைகள் ஃப்ளாக்குகளைத் தொடுவதில்லை, கணக்குச் செய்பவையும் ஒப்பிடுபவையும்தான் தொடும். அதனால்தான் இந்தக் கட்டளையை இங்கே தைரியமாக நடுவில் நுழைக்க முடிந்தது.

பிசி தாவும் இடம்

4107: டிஏ. இது ஜேசி: "கேரி 1 ஆக இருந்தால் அடுத்து வரும் முகவரிக்குப் போ." இந்த நிரலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கேரி 1. ஆகவே அடுத்த இரண்டு பைட்டும் படிக்கப்படுகின்றன: 0சி இசட்டுக்கு, 41 டபிள்யூவுக்கு. சேர்த்தால் 410சி. அது அப்படியே பிசிக்குள் போகிறது. கொட்டையை எடுத்து 410சி வரியில் வையுங்கள். நடுவில் இருந்த 410ஏ, 410பி இரண்டும் தாண்டப்பட்டன.

இவ்வளவுதான். "முடிவெடுத்தல்" என்று நாம் சொல்வதெல்லாம் செயலிக்குள் பிசியில் வேறொரு எண்ணை எழுதுவது மட்டுமே. திரும்பத் திரும்பச் செய்வதும் அதேதான், மேலே இருக்கும் முகவரியைப் பிசியில் எழுத வேண்டும். துணை நிரலை அழைப்பதும் அதேதான், ஆனால் திரும்பி வர வேண்டிய முகவரியை முதலில் ஸ்டாக்கில் (நினைவகத்தில் இதற்கென்று ஒதுக்கிய இடத்தில்) பத்திரப்படுத்திவிட்டுப் போகும்.

கேரி 0 ஆக இருந்திருந்தால்? முகவரியின் ஒரு பைட்டைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டு, பிசி 410ஏ-க்குப் போயிருக்கும். தாவினால் 10 துடிப்பு, தாவாவிட்டால் 7. அங்கே இருக்கும் 3ஈ, 00 ஏ-யில் சுழியை வைக்கும், பிறகு அதுவும் 410சி-க்கே வந்து சேரும்.

410சி-இல் 32, எஸ்டிஏ: ஏ-யில் இருப்பதை 4151-இல் எழுது. எல்டிஏ-வின் அதே நான்கு பயணம், கடைசிப் பயணம் மட்டும் எதிர்த்திசையில். 4151 வரியில் 01 என்று எழுதுங்கள். 410எஃப்-இல் 76, ஹெச்எல்டி. செயலி நிற்கிறது.

துடிப்புகளைக் கூட்டுங்கள்: 13, 7, 7, 10, 13, 5. மொத்தம் 55. மூன்று மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 18 மைக்ரோ விநாடி. ஈரமான நெல்லுக்கு ஜேசியில் மூன்று குறைந்து, சுழியை வைக்கும் கட்டளைக்கு ஏழு கூடி 59. தாளில் இதை முடிக்க நிதானமாக அரை மணி எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை.

டிகோடர் எப்படி அறிகிறது

3ஏ என்றால் எல்டிஏ என்று அதற்கு யார் சொன்னது? உள்ளே பட்டியல் எதையும் தேடுவதில்லை. பிட்டுகளே கம்பிகளாகப் போய் வாசல்களைத் திறக்கின்றன. இரண்டு உதாரணம் பார்த்தால் விளங்கிவிடும்.

ஒரு ரிஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை மாற்றும் மூவ் கட்டளைகளின் முதல் இரண்டு பிட் எப்போதும் 01. அடுத்த மூன்று பிட், எங்கே போக வேண்டும். கடைசி மூன்று பிட், எங்கிருந்து எடுக்க வேண்டும். இங்கே பி, சி என்பவை ஹெக்ஸ் எழுத்துகள் இல்லை, ரிஜிஸ்டர்களின் பெயர்கள்: பி-க்கு 000, சி-க்கு 001, டி-க்கு 010, ஈ-க்கு 011, ஹெச்-க்கு 100, எல்-க்கு 101, நினைவகத்துக்கு 110, ஏ-க்கு 111. ஆகவே 01 111 000 என்றால் பி-யிலிருந்து ஏ-க்கு. ஹெக்ஸில் 78. நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே, அதாவது 01 110 110, என்பதற்குப் பயன் இல்லை. அந்த இடத்தை இன்டெல் பொறியாளர்கள் ஹெச்எல்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் நிரலின் கடைசி பைட் 76 அதுதான், பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜேசியின் டிஏ-வைப் பிரித்தால் 11 011 010. நடுவில் 011 என்பது "கேரி 1 ஆக இருந்தால்". அதில் கடைசி ஒரு பிட்டை மாற்றி 010 ஆக்கினால் டி2, "கேரி 0 ஆக இருந்தால்". ஒரே ஒரு பிட். காய்ந்த நெல் திரும்பிப் போகும், ஈர நெல் மூட்டையாகும். கட்டளைகளை ஒவ்வொரு பைட்டாகச் சரிபார்க்கச் சொல்லும் ஆசிரியர் வீணாகச் சொல்லவில்லை.

இப்போது கிட்டில்

பைட்டுகளை எழுதும் முன் உங்கள் கிட்டின் கையேட்டில் நம் நிரலுக்கான நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று பாருங்கள். 4100 சில கிட்டுகளில்தான். 8000 என்று இருந்தால் நிரலுக்குள் 41 என்று வரும் மூன்று பைட்டையும் 80 ஆக்க வேண்டும்: மூன்றாவது, பத்தாவது, பதினைந்தாவது பைட். ஒன்றை விட்டாலும் எண்ணை வேறு எங்கோ தேடும்.

ஈரப்பதத்தை எழுதும்போது இன்னொரு கண்ணி. பதினாறு என்று நினைத்து 16 என்று தட்டுவார்கள். கிட்டின் விசைப்பலகை ஹெக்ஸ், ஆகவே அது இருபத்திரண்டு. பதில் 00 வரும், நிரல் தப்பு என்று உட்கார்ந்து தேடுவார்கள். 10 என்று தட்ட வேண்டும்.

சரி, ஓட்டி, 4151-இல் 01 வந்தாயிற்றா? அப்புறம் இந்த மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் தாளில், பிறகு கிட்டில்.

முதலாவது, 4104-இல் இருக்கும் 12-ஐ 14 ஆக்குங்கள். மழை விடாமல் பெய்த ஆண்டுகளில் விவசாயிகள் கேட்டு, மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தியதுண்டு. வரம்பு 19 ஆனால் நிரலில் மாற வேண்டியது இந்த ஒரு பைட்தான். 18, 19, 20 மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 4101-இல் இருக்கும் 50-ஐயும் 4102-இல் இருக்கும் 41-ஐயும் இடம் மாற்றுங்கள். செயலி 5041 என்ற முகவரிக்குப் போய் அங்கே என்ன கிடக்கிறதோ அதை ஈரப்பதமாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. பதில் மட்டும் நம்ப முடியாததாகிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பைட்டுகளை எல்லாம் சரியாக வைத்துவிட்டு, நிரலை 4100-இலிருந்து ஓட்டாமல் 4101-இலிருந்து ஓட்டுங்கள். தாளில் கொட்டையை 4101-இல் வைத்துத் தொடங்குங்கள். அங்கே இருப்பது 50. நமக்கு அது முகவரியின் பாதி. செயலிக்கு? 01 010 000. பி-யில் இருப்பதை டி-க்கு மாற்று. மாற்றிவிடும். அடுத்து 41: 01 000 001, சி-யில் இருப்பதை பி-க்கு மாற்று. அதையும் செய்யும். பிறகு 4103-க்கு வந்து, ஏ-யில் முன்பு எது கிடந்ததோ அதைப் பதினெட்டோடு ஒப்பிட்டு, நம்பிக்கையாக ஒரு பதிலையும் எழுதிவிட்டு நிற்கும்.

பைட்டுக்கு என்று சொந்தப் பொருள் கிடையாது. பிசி அதன்மேல் எந்த நேரத்தில் வந்து நிற்கிறது என்பதுதான் அதைக் கட்டளையாகவோ, முகவரியாகவோ, ஈரப்பதமாகவோ ஆக்குகிறது. கட்டளைகளையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம் என்ற யோசனையை ஜான் வான் நாய்மனின் 1945-ஆம் ஆண்டு அறிக்கை விவரித்தது. 1948 ஜூன் 21-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட ஒரு மின்னணு இயந்திரம் முதன்முதலாக ஒரு நிரலை ஓட்டியது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி வரை அந்த யோசனைதான் ஓடுகிறது. அதன் பலமும் ஆபத்தும் இந்த மூன்றாவது சோதனையில் கண்ணுக்குத் தெரியும். தாக்குகிறவர் தான் விரும்பிய முகவரிக்குப் பிசியைத் திருப்பிவிடுவதுதான் கணினித் தாக்குதல்களில் ஒரு பெரிய வகையே.

இன்றைய செயலிகளில் என்ன மாறியது

8085-இல் ஒரு கட்டளையை எடுப்பது, பிரிப்பது, செய்வது எல்லாம் பெரும்பாலும் ஒன்று முடிந்து ஒன்று. இன்றைய செயலிகள் பைப்லைன் முறையில் இவற்றை ஒரே நேரத்தில் நடத்துகின்றன. ஆள் வைத்து அறுத்த காலத்தில் முழு வயலும் அறுபடும்வரை கட்டுக் கட்டுகிறவர்கள் காத்திருந்ததில்லை. முன்னால் அறுப்பு, பின்னால் கட்டு, வரப்பில் தலைச்சுமை, களத்தில் கதிரடி என்று நான்கும் சேர்ந்தே நடக்கும். ஒரு கட்டு களம் சேர ஆகும் நேரம் குறையாது, ஆனால் களத்துக்குக் கட்டு வந்துகொண்டே இருக்கும். செயலியிலும் அப்படித்தான். ஒரு கட்டளை செயலில் இருக்கும்போது அடுத்தது பிரிபடும், அதற்கடுத்தது எடுபடும்.

ஜேசி போன்ற கட்டளை வந்தால் இங்கே சிக்கல். எந்தப் பக்கம் போகும் என்று தெரிவதற்குள் அடுத்த கட்டளைகளை எடுத்தாக வேண்டும். ஆகவே செயலி முன் அனுபவத்தை வைத்து ஒரு பக்கத்தை ஊகித்து எடுக்கிறது. ஊகம் தப்பினால் பாதியில் இருப்பவற்றைக் கைவிட்டுச் சரியான முகவரியிலிருந்து மறுபடி தொடங்குகிறது.

நினைவகமும் ஒரு சிக்கல். 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு ஒரு துடிப்பு அரை நானோ விநாடி. முதன்மை நினைவகத்துக்குப் போய்வர நூறு நானோ விநாடி அளவுக்கு ஆகலாம், அதாவது இருநூறு துடிப்பு வெட்டியாக நிற்க வேண்டும். அதனால்தான் அடிக்கடி தேவைப்படுபவற்றைச் செயலிக்குள்ளேயே கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

8085 பழகிய பிறகு அடுத்ததாக எதைப் பார்ப்பது என்று கேட்டால், ரிஸ்க்-ஃபைவ் என்பேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய கட்டளை அமைப்பு அது. யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் அதன்படி செயலி செய்யலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. 2018-இல் அவற்றில் ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்திலேயே சில்லாகத் தயாரானது.

நம் 17 கணக்கை ரிஸ்க்-ஃபைவில் எழுதினால் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். 4150 என்ற முகவரி ஏற்கெனவே ஒரு ரிஜிஸ்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டளை எல்பியூ: அங்கே இருக்கும் பைட்டை இன்னொரு ரிஜிஸ்டருக்கு எடு. இரண்டாவது எஸ்எல்டிஐயூ: அது 18-ஐ விடச் சிறியது என்றால் 1, இல்லாவிட்டால் 0 என்று ரிஜிஸ்டரில் எழுது. மூன்றாவது எஸ்பி: அதைப் பக்கத்து முகவரியில் போடு. மூன்றே கட்டளை. கேரி ஃப்ளாக் என்ற ஒன்றே இந்த அமைப்பில் கிடையாது. தாவலும் இல்லை, ஆகவே ஊகம் தப்புவதற்கு இடமும் இல்லை. ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் பிசி ஒரே பாதையில்தான் போகிறது.

அடிப்படைக் கட்டளைகள் ஒவ்வொன்றும் நான்கு பைட் என்பதால் பிசி இங்கே நான்கு நான்காக நகரும். புதிய தாளில் 4100, 4104, 4108 என்று மூன்று வரி போட்டு, கொட்டையை முதல் வரியில் வையுங்கள். ஈரப்பதமாக முதலில் 17-ஐயும் பிறகு 18-ஐயும் கொடுத்து நடத்திப் பாருங்கள்.